நாங்கள் இறங்கி வந்த கதை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். "கும்மிடிப்பூண்டியில வேலை பாக்குற, தொழில்துறை பத்திப் பேசுப்பா" என்றார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு நல்ல அனுபவம் உள்ள விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அது தோற்பது.

போன சீசனில் நம் முன்னாள் மாணவர் கிரிக்கெட் அணி, மாவட்ட லீகில் மூன்றாம் டிவிஷனிலிருந்து நான்காம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அந்த அணியின் மேனேஜர் அடியேன்தான். இன்று மாலை பொதுக்குழுவில், "இந்த டீமுக்கு இன்னும் சங்கத்துப் பணத்தைச் செலவு பண்ணணுமா?" என்ற கேள்வி வரப்போகிறது. நியாயமான கேள்வி. அதற்கு ஓட்டுப் போடுவதற்கு முன் நடந்ததை நடந்தபடி உங்களிடம் சொல்லிவிடுவது என் கடமை. இதுவரை சங்கத்திடம் சொல்லாத ஒரு விஷயமும் அதில் இருக்கிறது.

டிவிஷன் என்றால் என்ன என்று மாணவர்களுக்காக இரண்டு வார்த்தை. சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக் உங்களுக்குத் தெரியும். முதல் டிவிஷனில் ஜெயிப்பவர்களுக்குப் பாளையம்பட்டி ராஜா கேடயம். இந்திய அணிக்கு ஆடியவர்களே அங்கே ஆடுவார்கள். அதற்குக் கீழே இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு வருடமும் மேலே வந்தவன் ஒரு படி ஏறுவான், அடியில் கிடந்தவன் ஒரு படி இறங்குவான். இதே ஏற்பாடுதான் மாவட்டங்களிலும். நமக்குத் திருவள்ளூர் மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் லீக்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-ல்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் தொழிற்சாலையும் விளையாட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே கைகோத்து வந்தவை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் வந்தது. ஆவடியில் எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப். எல்லாம் 1960-களில் வந்தவை. ஆவடி ஓ.சி.எஃப். மைதானத்தில் லீக் மேட்ச் ஆடாத கிரிக்கெட்காரன் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. ஒரு காலத்தில் தொழிற்சாலை என்றால் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மைதானம், ஒரு டீம் எல்லாம் சேர்ந்து வரும். நன்றாகப் பந்து போடுவான் என்பதற்காகவே வேலை கிடைத்தவர்கள் உண்டு. நம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வேறு காலத்துப் பிள்ளை. அங்கே ஷெட் இருக்கிறது, ஃபர்னஸ் இருக்கிறது, லாரி நிறுத்த இடம் இருக்கிறது. பந்து போட இடம் தேடினால் கவரைப்பேட்டை வரை போக வேண்டும்.

"அடி டிவிஷன்ல ஆடி என்னடா ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு நான் நடராஜன் பெயரைச் சொல்வது வழக்கம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த பையன். சென்னை லீகில் அவர் முதலில் ஆடியது நான்காம் டிவிஷனில், 2010-11 சீசனில், பி.எஸ்.என்.எல். அணிக்கு. அங்கிருந்து படிப்படியாக ஏறி முதல் டிவிஷன், தமிழ்நாடு, ஐ.பி.எல். கடைசியில் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரின் காபா மைதானத்தில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்டை நாம் ஜெயித்தோம், தொடரையும் ஜெயித்தோம். படிக்கட்டு இருந்ததால்தான் அவரால் ஏற முடிந்தது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நம் அணியில் நடராஜன் யாரும் கிடையாது. எங்கள் சராசரி வயது முப்பத்திரண்டு. இரண்டு பேருக்கு முழங்காலில் பெல்ட், மூன்று பேருக்கு வயிற்றில் பெல்ட் போதவில்லை. ஆகவே நடராஜன் பெயரைச் சொல்லி உங்களிடம் காசு கேட்க எனக்கு உரிமை இல்லை. ஏறவே போகாதவனுக்குப் படிக்கட்டு எதற்கு என்ற கேள்விக்கு நான் வேறு பதில்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலில் பாதியை நான் வெளியூரில் கற்றுக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி ஒரு இயந்திரத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க என்னை ஆறு வாரம் மெல்பர்னுக்கு அனுப்பியது. ஜூலை, ஆகஸ்ட் மாதம். அங்கே குளிர்காலம். ஒரு சனிக்கிழமை மதியம், வேலை இல்லாமல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்குள் நடந்துகொண்டிருந்தேன். விசில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் நல்ல வட்டமான கிரிக்கெட் மைதானம். ஆனால் உள்ளே ஓடுவது கிரிக்கெட்காரர்கள் இல்லை. கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு பேர், முட்டை வடிவப் பந்தை உதைக்கிறார்கள், கையால் குத்துகிறார்கள், ஒருவன் முதுகில் ஒருவன் ஏறிப் பிடிக்கிறான். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பம். நடு இரண்டு கம்பத்துக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. ஓரத்தில் போனால் ஒரு புள்ளி. கம்பத்தடியில் ஒரு அம்பயர், ஆறு என்றால் இரண்டு கொடி ஆட்டுகிறார், ஒன்று என்றால் ஒரு கொடி. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் என்று பெயர்.

இந்த ஆட்டம் கிரிக்கெட்டின் தம்பி என்றுகூடச் சொல்லலாம். டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட்காரர், குளிர்காலத்தில் ஆட்டக்காரர்கள் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும் என்று 1858 ஜூலையில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த வருடம், 1859 மே மாதம், விதிகளை எழுதிவிட்டார்கள். கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடியதால் இன்றுவரை மைதானம் வட்டமாகத்தான் இருக்கிறது. நடராஜன் ஆடிய அந்தக் காபாவிலும் குளிர்காலத்தில் இந்த ஆட்டம்தான்.

வேலிக்குப் பக்கத்தில் கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர் நின்றார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இது அமெச்சூர் லீக் என்றார். விக்டோரியா அமெச்சூர் ஃபுட்பால் சங்கம், 1892-ல் ஆரம்பித்தது. பிரிமியர், பிரிமியர் பி, பிரிமியர் சி, அதற்குக் கீழே டிவிஷன் 1, 2, 3 என்று நம் ஊர் மாதிரியே படிக்கட்டு. வருடா வருடம் ஏற்றமும் இறக்கமும் உண்டு. கிளப்புகளின் பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓல்ட் சேவியரியன்ஸ், ஓல்ட் மெல்பர்னியன்ஸ், ஓல்ட் ஸ்காட்ச். பல கிளப்புகள் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் கிளப். நாம் வருடத்துக்கு ஒருமுறை கூடி, பிரியாணி சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்துக் கலைகிறோமே, அவர்கள் சீசன் முழுக்க வாராவாரம் கூடுகிறார்கள். ஒரு கிளப்புக்கு ஒரு டீம் என்பதும் இல்லை. சீனியர், ரிசர்வ், அதற்குக் கீழே மூன்றாவது டீம், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் என்று நான்கு கூட வைத்திருக்கிறார்கள். 2017 முதல் பெண்களுக்கும் தனி லீக் நடக்கிறது.

"ஆடுறவங்களுக்கு எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். "அவங்கதான் எங்களுக்குத் தரணும்" என்றார். சந்தா கட்டித்தான் ஆட வேண்டும்.

பிறகு அவர் அந்தப் பல்கலைக்கழக அணியின் கதையைச் சொன்னார். 1908-ல் அவர்கள் மேலே போய், விக்டோரியாவின் மிகப் பெரிய லீகில் சேர்ந்தார்கள். இன்றைய ஏ.எஃப்.எல்.-லின் மூதாதை அது. 1911-ல் அந்த லீக், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. மற்றக் கிளப்புகள் கொடுத்தன. பல்கலைக்கழகம் கொடுக்க மாட்டோம் என்றது. வைத்தியத்துக்கும் சட்டத்துக்கும் படிக்கும் பையன்கள். பரீட்சை வந்தால் ஆள் வரமாட்டான், ஆஸ்பத்திரி டூட்டி என்றால் ஆள் வரமாட்டான். 1912-ல் ஒரே ஒரு வெற்றி. 1913-ல் பதினெட்டு ஆட்டமும் தோல்வி. 1914-லும் பதினெட்டும் தோல்வி. மொத்தம் தொடர்ந்து 51 தோல்வி. ஏழு வருடத்தில் ஆடிய 126 ஆட்டத்தில் 27 வெற்றி, 2 டிரா, 97 தோல்வி என்று கணக்கு முடித்து வெளியே வந்துவிட்டார்கள். அந்த வருடமே உலகப் போர் தொடங்கிவிட்டது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, இதோ ஆடுறாங்களே" என்று மைதானத்தைக் காட்டினார். யுனிவர்சிட்டி புளூஸ், யுனிவர்சிட்டி பிளாக்ஸ் என்று இரண்டு கிளப்பாக அமெச்சூர் லீகில் இன்றும் ஆடுகிறார்கள். அந்த 51 தோல்விக்குப் பிறகு நூறு வருடம் தாண்டிவிட்டது.

அன்று இரவே நம் வாட்ஸ்அப் குரூப்பில் இதை நீளமாக எழுதிப் போட்டேன். எல்லோரும் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதினவன் நான்.

இனி நம் சீசனுக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய வருடம் நான்காம் டிவிஷனில் நன்றாக ஆடி மேலே வந்திருந்தோம். அப்போது சங்கம் நமக்குப் பாராட்டு விழாவே நடத்தியது. மூன்றாம் டிவிஷனில் ஒன்பது ஆட்டம். முதல் இரண்டும் ஜெயித்தோம். எனக்குத் தலை கால் புரியவில்லை, அடுத்து இரண்டாம் டிவிஷன் என்றுகூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு வடகிழக்குப் பருவமழை. ஒரு ஆட்டம் மழையில் போனது. மழை விட்டதும் நம் ஆட்டமும் விட்டது. வரிசையாக ஐந்து தோல்வி.

தோல்விக்குக் காரணம் திறமைக் குறைவு மட்டும் என்றால் ஒத்துக்கொள்வேன். பெரிய காரணம் ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்களுக்கு அது விடுமுறை. கும்மிடிப்பூண்டியில் மெயின்டனன்ஸில் இருப்பவனுக்கு அன்றுதான் உயிர் போகிற வேலை. மில் நிற்கிற ஒரே நாள் அது. ரோல் மாற்றுவது, கியர் பாக்ஸ் திறப்பது, பேனல் சுத்தம் செய்வது, கிரேன் பார்ப்பது, எல்லாம் அன்றைக்குத்தான். நம் அணியில் ஏழு பேர் மெயின்டனன்ஸ். நம் முதல் பந்து வீச்சாளர் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரிக்கல் பார்க்கிறார். ஒன்பது ஆட்டத்தில் அவர் வந்தது நான்குக்கு. ஒரு ஞாயிறு டாஸ் போடும்போது நாங்கள் எட்டு பேர். ஒன்பதாவது ஆள் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிக்கொண்டிருந்தார், பத்தாவது ஆள் பெரியபாளையம் ரோட்டில் பைக் பஞ்சர். பதினொன்றாவது ஆளாக, ஸ்கோர் எழுத வந்த இரண்டாம் வருட மாணவத் தம்பியை பேட் கட்டச் சொன்னோம். அவன் கிரிக்கெட் ஷூகூட எடுத்து வரவில்லை.

இப்படியாக ஒன்பதாவது ஆட்டம் வந்தது. ஜெயித்தால் மூன்றாம் டிவிஷனில் நிற்போம். தோற்றால் இறங்க வேண்டும். அன்றைக்கும் ஆள் போதாது என்று வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. நான் சி ஷிப்டில் இருந்தேன். ராத்திரி ஒரு மணி இருக்கும். தெரிந்தவர் ஒருவர் போனில், "ஒரு பையன் இருக்கான். சென்னையில மேல் டிவிஷன் ஆடுறவன். நாலாயிரம் கொடுத்தா வந்து ஆடிட்டுப் போயிடுவான். ஐ.டி. மட்டும் உங்க ஆள் யாரோடதையாவது வச்சுக்கோங்க" என்றார்.

நம் வகுப்பு நண்பன் ஒருவன் சீசன் நடுவில் வேலை மாறிப் புனேவுக்குப் போயிருந்தான். அவன் பெயர் பதிவில் இருந்தது. போட்டோவில் இருப்பவனுக்கும் வரப்போகிறவனுக்கும் சுமாராக ஒரே உயரம். தாடி வைத்திருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நண்பர்களே, நான் சரி என்று சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எட்டு பேரிடம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஜி-பேயில் வாங்கினேன். நாலாயிரம் சேர்ந்தது. சங்கத்துப் பணத்தைத் தொடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். பிடிபட்டிருந்தால் நம் கல்லூரிப் பெயர் தாங்கிய அணிக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. 51 தோல்விக் கதையை நீளமாக எழுதிக் கைதட்டல் வாங்கியவன் நான். ஐந்து தோல்வியிலேயே ஆட்டம் கண்டுவிட்டேன். கதை தெரிந்திருப்பது வேறு, காலில் அடிபடும்போது அதன்படி நிற்பது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை புனே நண்பனுக்குப் போன் போட்டு, "உன் பேர்ல ஒரு ஆளை ஆட வைக்கிறோம், யாராவது கேட்டா நீதான்னு சொல்லிடு" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்.

"டேய், அந்த ஸ்கோர் நோட்டுல என் பேர் இருக்கு. ஆறு மேட்ச் ஆடியிருக்கேன். ஒரு மேட்ச்ல டக், ஒரு மேட்ச்ல நாப்பத்திரண்டு. எல்லாம் நான் அடிச்சது, நான் அவுட் ஆனது. நாளைக்கு எவனோ வந்து என் பேர்ல நூறு அடிச்சா, அந்த நாப்பத்திரண்டும் பொய்னு ஆயிடும்டா. தோத்தா என் பேர்ல நானே தோத்துக்கிறேன். எனக்கு இன்னொருத்தன் ஜெயிச்சுத் தர வேணாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "நீ அங்க சௌகரியமா உக்காந்துக்கிட்டுப் பேசுற" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். எட்டரை மணிக்கு அதே மாணவத் தம்பி போன் செய்தான். "அண்ணா, ஞாயித்துக்கிழமை நான் ஸ்கோர் எழுதணுமா, ஆடணுமா? ஷூ வாங்கிட்டேன், அதான் கேட்டேன்" என்றான். விஷயம் எதுவும் அவனுக்குத் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? "தம்பி, உனக்குப் பதிலா ஒரு பொய்யான ஆளை வச்சிருக்கோம்" என்றா?

"நீ ஆடுற" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தெரிந்தவருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். எட்டு பேருக்கும் ஐந்நூறைத் திருப்பி அனுப்பினேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. என்னைத் தடுத்தது புனேக்காரனும் ஒரு ஜோடி ஷூவும்.

ஞாயிற்றுக்கிழமை. நம் எலக்ட்ரிக்கல் நண்பர் இரவு ஷிப்ட் முடித்து, காலையில் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, நேராக ஆவடி வந்தார். கண் இரண்டும் சிவப்பு. எதிரணி முப்பது ஓவரில் 168. அவருக்கு மட்டும் நான்கு விக்கெட். தூங்காத மனிதன் போட்ட பந்துகள் அவை.

நாங்கள் ஆட ஆரம்பித்து 119-க்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசியாக உள்ளே நின்றது அந்த எலக்ட்ரிக்கல் நண்பரும் மாணவத் தம்பியும். இன்னும் ஐம்பது ரன் வேண்டும். எதிரணியில் ஒருவர் ஸ்டம்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவே தயாராக இருந்தார். தம்பி புது ஷூவில் ஒன்று ஒன்றாக எடுத்தான். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். மூன்று சிக்ஸர். 130 ஆனது, 140 ஆனது, 150-ம் தாண்டியது. எதிரணி ஃபீல்டைப் பரப்பியது. மரத்தடியில் நாங்கள் யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ராசி போய்விடும் என்று நின்றபடியே இருந்தோம். 157-ல் நண்பர் தூக்கி அடித்த பந்து லாங்-ஆனில் இருந்தவர் கைக்குப் போனது. அவ்வளவுதான். பதினோரு ரன்னில் தோல்வி. தம்பி அவுட் ஆகாமல் பதினான்கு.

எதிரணிக்காரர்கள் ஓடிவந்து அவர்கள் இருவருக்கும்தான் முதலில் கை கொடுத்தார்கள். நாங்கள் நான்காம் டிவிஷனுக்கு இறங்கினோம். அன்று சாயங்காலம் ஸ்கோர் நோட்டைப் படம் எடுத்துப் புனேவுக்கு அனுப்பினேன். "பதினோரு பேரும் நம்ம ஆளுங்க" என்று மட்டும் எழுதினேன். "போதும்டா" என்று பதில் வந்தது.

இப்போது சொல்லுங்கள். அந்த நாலாயிரம் ரூபாய் ஆள் வந்திருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்போம். இன்றைக்கு நான் மூன்றாம் டிவிஷன் அணியின் மேனேஜராக மேடையில் நின்றிருப்பேன், நீங்கள் மாலை போட்டிருப்பீர்கள். ஆனால் அந்தத் தம்பியின் பதினான்கு ரன் இந்த உலகத்தில் இருந்திருக்காது. ஏறவே போகாதவனுக்குப் படிக்கட்டு எதற்கு என்ற கேள்விக்கு என் மீதிப் பதில் இதுதான். சும்மா ஞாயிற்றுக்கிழமை மாலை பந்து போட்டு விளையாடினால் 119-க்கு ஒன்பது என்ற இடத்தில் சிரித்துக்கொண்டே மூட்டை கட்டியிருப்போம். ஏறவும் இறங்கவும் ஒரு படி இருந்ததால்தான், வயிறு பெருத்த பத்துப் பேர் மரத்தடியில் உட்காராமல் நின்றோம். நான்காம் டிவிஷனிலும் அந்தப் படி இருக்கிறது. ஆட்டம் சின்னதாக இருக்கலாம், அதில் நாம் வைக்கிற பந்தயம் சின்னதில்லை.

மாலைப் பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, அணியைக் கலைக்காதீர்கள். சங்கம் காசு தர வேண்டாம், பெயர் மட்டும் தந்தால் போதும். வேலையில் இருப்பவர்கள் சந்தா கட்டி ஆடுகிறோம். மாணவர்களிடம் ஒரு பைசா வாங்க மாட்டோம். மெல்பர்ன்காரன் காசு கட்டி ஆடும்போது நமக்கு என்ன கேடு?

இரண்டாவது, முதல் வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு. உங்களில் பலர் சிப்காட்டில் ஷிப்ட் சார்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள். லீக் அட்டவணை வந்ததும் உங்களுக்கு ஒரு நகல் அனுப்புகிறேன். ஒரு மாதம் முன்கூட்டியே தெரிந்தால், எந்த ஞாயிறு யாரை விடலாம், யாரைச் சனிக்கிழமை ராத்திரி போடலாம் என்று நீங்கள் பார்த்துச் செய்ய முடியும். மில் நிற்க வேண்டாம் அண்ணா, ஆளை மாற்றிப் போட்டால் போதும். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து நான்கு விக்கெட் எடுப்பவன், தூங்கிவிட்டு வந்தால் எத்தனை எடுப்பான் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

மூன்றாவது, மாணவத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும். தம்பிகளே, ஷூ வாங்கிக்கொண்டு வாருங்கள். ஸ்கோர் எழுதத் தெரிந்தாலும் வாருங்கள், அதுவும் ஆட்டம்தான். தங்கைகளே, நீங்கள் பதினோரு பேர் சேர்ந்தால் உங்களுக்கும் ஒரு டீம் போட்டுத் தரும் பொறுப்பு என்னுடையது. முதல் நாளே தோற்றாலும் பரவாயில்லை. எங்களுக்கு அதில் நிறைய அனுபவம் இருக்கிறது, சொல்லித் தருகிறோம்.

கடைசியாக ஒன்று. நான் செய்யத் துணிந்ததைக் கேட்ட பிறகு வேறு ஒருவர் மேனேஜராக இருப்பது நல்லது என்று பொதுக்குழு நினைத்தால், அதை மனதார ஏற்றுக்கொள்கிறேன். மேனேஜர் பதவி போனாலும் அடுத்த சீசன் முதல் ஞாயிறு கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு நான் மைதானத்தில் இருப்பேன். புனே நண்பன் மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்பி வரப் பார்க்கிறான். பதிவில் அவன் பெயர் அப்படியே இருக்கிறது, அதில் வேறு எவனும் ஆடவில்லை.